மணி யாருடைய நாய்

பொகவந்தலாவையிலிருந்து அட்டன் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரத்தில் இருந்தவள் கையில் ஒரு துண்டுக் கயிறு. வளைவுக்கு வளைவு தலையை வெளியே நீட்டி ரோட்டைப் பார்த்தாள்.

"நம்ம மணியை எங்க நாய் இல்லைன்னு நானே சொல்லிட்டேன்க்கா."

"யாருகிட்ட?"

"ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்க்க தெருநாய்களையும் சேர்த்துக்கிட்டு ஊர் ஊரா நடந்து போறாங்கள்ல, அவங்ககிட்ட. நம்ம லயத்து வீட்டுப் பக்கம் வந்து, இது யாரோட நாய்னு கேட்டாங்க. தோட்டத்துத் தொரை பக்கத்துல நின்னாரு. லயத்துல நாய் வளர்க்கக் கூடாதுன்னு போன வாரந்தானே காலையில பேரு கூப்பிடுற பெரட்டுல சத்தம் போட்டாரு? பயந்துட்டேன்."

"அப்புறம்?"

"யாருமில்லாத நாய்னு கழுத்துல பட்டி கட்டிக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. நாளைக்கு ஏழாம் நம்பர் மலையில கொழுந்து பறிக்கணும். சிறுத்தை நடமாடுற எடம். மணி முன்னால போய்க் கொரைக்காம நான் எப்படிக்கா மலையில எறங்குவேன்?"

"பஸ்ஸு அவங்களைப் பிடிச்சிரும். நீ கூப்பிட்டா ஓடி வந்துராதா?"

அவள் கயிற்றை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"நான் அப்படிச் சொல்றப்போ, அது என் காலை ஒரசிக்கிட்டுத்தான்க்கா நின்னுச்சு."