தாளில் உதித்த நட்சத்திரம்

— என் சீருடை எங்க, அத்தை?

— வாளியில ஊறுது. இனிமே அது உனக்கெதுக்கு, தங்கம்?

— பத்து மணிக்கு மலைப்பாதையில ஓட்டுநர் தேர்வு. எட்டு வருஷம் டிக்கெட் கிழிச்ச கைக்கு இன்னைக்குத்தான் ஸ்டீயரிங் கிடைக்கப்போகுது.

— கிடைக்காது. என் மருமக முழுகாம இருக்கா, வரமாட்டான்னு டிப்போவுக்குப் போன் பண்ணிட்டேன். உன் நாத்தனார், சின்ன மாமனார் எல்லாருக்கும் சொல்லியாச்சு.

— யார் சொன்னா உங்களுக்கு?

— லேப் உறையில இருந்த உன் ரத்தப் பரிசோதனைத் தாள் சொல்லுது. நாப்பத்தொண்ணு! பக்கத்துல ஒரு நட்சத்திரம்! முப்பது வருஷம் ஒண்ணாம் வகுப்பு நோட்டுல நட்சத்திரம் போட்டவ நான். அதுக்கு அர்த்தம் எனக்கா தெரியாது?

— உங்க நோட்டுல அது சபாஷ். லேப்ல அது எச்சரிக்கை. இருக்கவேண்டிய அளவுல இது இல்லன்னு அர்த்தம்.

— கூடித்தானே போயிருக்கு! தெய்வம் அள்ளிக் குடுத்திருக்கு!

— அள்ளிக் குடுத்தது மாத்திரை. கருமுட்டை வெளியான இடத்துல மஞ்சளா ஒரு சின்னக் கட்டி உண்டாகும். கருவைத் தாங்கறதுக்கான சுரப்பு அங்கிருந்துதான் வருது. எல்லாருக்கும் மாசத்துக்கு ஒண்ணு. மாத்திரை போட்டதால எனக்கு இந்த மாசம் மூணு. மூணு இடத்துல சுரந்தா எண் ஏறாம என்ன செய்யும்?

— காலையில குமட்டுச்சே?

— அதுவும் அந்தச் சுரப்போட வேலைதான். வீடு தயாரா இருக்கு, அத்தை. ஆள் வந்தாச்சான்னு அடுத்த வாரம் வேற பரிசோதனையிலதான் தெரியும்.

— வாயைக் கழுவு! ஒருவேளை வந்திருந்தா?

— வந்திருந்தா என்னோடவே மலை ஏறட்டும். டாக்டர் வேலைக்குப் போகவேண்டாம்னு சொல்லல. நகருங்க, வாளியை எடுக்கணும்.

— ஈரத்துணியோடயா போவே?

— சொட்டச் சொட்டப் போவேன். முதல்ல டிப்போவுக்குப் போன். என் உடம்புச் சேதியை இனி நான்தான் சொல்லுவேன்.

— ஊருக்கே சொல்லிட்டேன்டீ! என் முகத்தை எங்க வச்சுக்குவேன்? நாலு வருஷமா உனக்குத் தரிக்கலன்னு எல்லார்கிட்டயும் தலைகுனிஞ்சு நின்னவ நான்.

— எனக்கா தரிக்கல? மாத்திரை இல்லாமலே மாசாமாசம் முட்டை ஒழுங்கா வருது. ஸ்கேன்ல பார்த்தாச்சு.

— பின்ன எதுக்கு மூணு? ஒழுங்கா இருக்கிறவளுக்கு எவனாவது மாத்திரை குடுப்பானா?

— அதை என்கிட்ட கேட்காதீங்க. கேட்டா சொல்லிடுவேன்.

— சொல்லேன்! குறையை வச்சுக்கிட்டு என்கிட்டயே வீம்பு! என் மகனைப் பாரு, ஒண்ணாம் வகுப்புலேர்ந்து எதுலயாவது ஒரு குறை உண்டா அவனுக்கு?

— அந்த உறையில ரெண்டாவது தாள் ஒண்ணு இருந்துச்சே, புரட்டலையா?

— அதுவும் உன்னோடதுன்னு விட்டுட்டேன்.

— யாருக்கும் சொல்லாதேன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டார். எட்டு மாசமா நான் வாயைத் திறக்கல. அது உங்க மகனோட தாள். அங்க குறையறதை ஈடுகட்டத்தான் எனக்கு மாத்திரை, மூணு முட்டை. அதுல மூணு நட்சத்திரம் இருக்கு, டீச்சர்.