நான் எடுக்கச் சொன்ன பக்கம்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா அவர்களே, இந்தப் படப்புத்தகத்தைப் பெற்ற பிள்ளையைப் போல ஆறு மாதம் சுமந்த நூலகர் அம்மா அவர்களே, தூரிகை பிடித்த ஓவியத் தம்பியே, பின்வரிசையில் அடக்கமாக அமர்ந்திருக்கும் தீயணைப்பு நிலையத்துச் சகோதரர்களே, பிள்ளைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். மகளைத் தூங்கவைத்துவிட்டு, நேற்று இரவு ஒரு மணிக்கு மேல்தான் இந்த உரையை எழுத உட்கார்ந்தேன். எழுத்து கோணலாக இருக்கிறது. நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்குப் போகவிருக்கும் இரண்டாம் பதிப்புக்கு வாழ்த்துரை வழங்க அழைத்தீர்கள். என்ன அழகான புத்தகம் இது. சிவப்பு வண்டி, நீண்ட குழாய், நிமிர்ந்த ஏணி, பக்கத்துக்குப் பக்கம் புன்னகை. என் கணவர் தீயணைப்பு வீரர். முதல் பதிப்பைப் புரட்டிவிட்டு, "ஏம்மா, இவங்கள்லாம் தீயணைக்கப் போறாங்களா, கல்யாண போட்டோவுக்கு நிக்கிறாங்களா?" என்று கேட்டார்.

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன்.

இங்கே பெரியவர்களுக்கான புத்தக அலமாரிக்குப் போனால் அங்கேயும் வீரம், வெற்றி, பதக்கம். தீக்குள் போய், காப்பாற்ற முடியாமல் வெளியே வந்தவனைப் பற்றி ஒரு புத்தகம் உண்டா? நான் தேடினேன். இந்த நூலகத்தில் இல்லை.

முதல் பதிப்புக்கு ஓவியத் தம்பி ஒரு பக்கம் வரைந்திருந்தார். முதுகில் காற்றுக் குப்பி, கண்ணாடி மூடிய முகம், மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் கருப்புக் குழாய். புத்தகக் குழுவில் தாய்மார் சார்பாக இருந்தவள் நான்.

"இது வேணாம் தம்பி, பிள்ளைங்க பயந்துடும்" என்றேன்.

"நெஜத்துல இப்படித்தானேக்கா வருவாங்க?"

"நெஜம் கெடக்கட்டும். சிரிக்கிற மூஞ்சியா போடுங்க."

போட்டார். தீயணைப்பு வீரனின் மனைவியே சொல்லும்போது யார் மறுப்பார்கள்?

போன மாதம், பட்டப்பகலில், மூன்றாம் மாடி வீடொன்று பற்றிக்கொண்டது. கட்டிலுக்கடியில் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். என் கணவர் தவழ்ந்து போய்க் கை நீட்டினார். "வாங்கடா, மாமா வந்திருக்கேன்" என்றார். அந்த முகமூடிக்குள்ளிருந்து அது மாமாவின் குரலாகவா கேட்டிருக்கும்? அண்ணன் கைக்கு எட்டினான். தங்கை பின்னால் நகர்ந்துகொண்டாள். அவனை வாசலில் இருந்த தோழரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினால், கட்டிலுக்கடியில் யாருமில்லை. புகையில் தடவித் தடவித் தேடினார். துணி அலமாரிக்குள், தொங்கிய துணிகளுக்குப் பின்னால் இருந்தாள். நான்கு நிமிடம் ஆகிவிட்டது. ஆறு வயது நெஞ்சுக்கு நான்கு நிமிடம் மிக அதிகம்.

மருத்துவமனையில் அந்த அண்ணன் சொன்னான்: "அவ பேய்னு நெனச்சுட்டா. ஸ்கூல்ல குடுத்த புக்குல இருக்குற மாமா வருவாங்கன்னு பாத்துட்டு இருந்தா."

யாரோ "உங்க தப்பு இல்லம்மா" என்கிறீர்கள். நன்றி ஐயா. என் கணவரும் அதையேதான் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் அவர் முகமூடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, எங்கள் மகள் முன்னால் மாட்டிக்கொண்டார். "அப்பாதான்டா செல்லம், இங்க பாரு." அவள் என் புடவைக்குள் புகுந்துகொண்டு, "நீ எங்கப்பா இல்ல, போ" என்றாள். அவர் முகமூடியைக் கழற்றவேயில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே அழுதாரா என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி முழுக்க மூச்சு படிந்திருந்தது.

தாய்மார்களே, பயம் காட்டாமல் வளர்ப்பது பாசமா? பழக்கிக் காட்டாமல் மறைப்பது பாதுகாப்பா? புகை புகுந்த அறையில் புன்னகை புலப்படுமா? அந்தப் பக்கத்தைத் திரும்பச் சேர்த்தால் அந்தக் குழந்தை வருவாளா? வரமாட்டாள். என் வீட்டுக்காரர் பழைய மனிதராவாரா? "போட்டா மட்டும் என்ன ஆகப்போகுது?" என்கிறார். ஆனாலும் மூவாயிரம் பிரதி, மூவாயிரம் வீடு, மூவாயிரம் கட்டில். ஒரு கட்டிலுக்கடியில் ஒரு பிள்ளை அந்த முகத்தை அடையாளம் கண்டு கை நீட்டினால் போதாதா?

வாழ்த்த வந்தேன், வாழ்த்த வாய் வரவில்லை. இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.

நூலகர் அம்மா, திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது. அந்தப் பக்கம் சேருமா, சேராதா? நாளைக்குள் எனக்கு ஒரு வரி பதில் எழுதுங்கள்.