ஜோடி இல்லாத வரி

— இங்க பாருங்க அக்கா. நேத்து நான் வீட்டுக்குப் போனதுக்கப்புறம் நீங்க பழகிப் பார்த்ததை எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் குறிச்சு வெச்சிருக்கு. பதினாறு கேள்வி. பதினாறும் ஒரே தேதி. போன வருஷம் மார்ச் பதினாலு. ஏன்னு கேட்கலாமா?

— ஏதோ கைக்கு வந்த தேதியைப் போட்டேன், டீச்சரம்மா.

— கைக்கு வந்த தேதி பதினாறு தடவையா வரும்?

— ஒரே துணியில திரும்பத் திரும்ப வெட்டிப் பார்த்தாத்தான் கை படியும். தையல் கம்பெனியில கட்டிங் டேபிள்ல இருபத்திரெண்டு வருஷம் நின்னவ நான். எனக்குத் தெரிஞ்ச டேபிள் அது ஒண்ணுதான். உங்க டேபிளுக்கு வந்து மூணு நாள்தானே ஆகுது.

— அந்தப் பதினாறும் பிழைன்னு திரும்பி வந்திருக்கு, அதையாவது பார்த்தீங்களா? தேதிக்கு ரெண்டு பக்கமும் மேற்கோள் குறி போடணும்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க. ஒரு புள்ளி குறைஞ்சா இப்படி முகத்துல அடிச்ச மாதிரி திருப்பி அனுப்பும்னு சொல்லலையே.

— பேச்சுல உங்களை ஜெயிக்க முடியாது. சரி, சாப்பாட்டு நேரம் முடிய முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள பாடத்தை முடிச்சுக்கலாம். அழைப்பு டேபிள்ல என்ன இருக்கு?

— ஆம்புலன்ஸ் கேட்டு இங்க வர்ற ஒவ்வொரு போனுக்கும் ஒரு வரி. நேரம், கூப்பிட்ட நம்பர், எந்த சீட்டுல எடுத்தாங்க, எல்லாம் தனித்தனிக் காலம். காலம்னதும் முதல் நாள் நான் காலம் நேரத்தைத்தான் சொல்றீங்கன்னு நெனச்சேன்.

— எல்லாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. மேலருந்து கீழ இறங்குற பத்தி, அவ்ளோதான். சரியா? இப்ப ஒரு நாளோட அழைப்பு மட்டும் வேணும்னா?

— செலக்ட், அப்புறம் வேண்டிய காலங்களோட பேரு. ஃப்ரம், அழைப்பு. வேர், தேதி இன்னது. முழுத் துணியையும் விரிச்சுப் போட்டு வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. வேர்தான் கத்தரிக்கோல்.

— நல்லா இருக்கே. அடுத்த பேட்ச்சுக்கு இதையே சொல்லிக் குடுத்துடுவேன்.

— தாராளமா.

— ஆனா உங்க கத்தரிக்கோல் எங்கயோ ஒரு இடத்தைக் குறி வெச்சுப் போகுதே அக்கா. பத்தாவது கேள்வியில நேரமும் போட்டிருக்கீங்க. பதினொரு மணிக்கு மேல, பதினொன்னரைக்குள்ள. பன்னெண்டாவதுல ஒரு போன் நம்பரோட கடைசி நாலு இலக்கம். அதுவும் கைக்கு வந்ததா?

— என்ன இது, போலீஸ் ஸ்டேஷன்ல உட்கார வெச்ச மாதிரி இருக்கு.

— ஒண்ணு கேட்கிறேன், தப்பா எடுத்துக்காதீங்க. புகார் பிரிவுல இருந்து உங்களை அனுப்பினாங்களா?

— என்னையா? வேவு பார்க்க வேற ஆளே கிடைக்கலையாக்கும் அவங்களுக்கு.

— உங்களை மாதிரி ஆளைத்தான் யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

— நீங்க படறீங்களே.

— காரணம் இருக்கு. போன மாசம் இங்க ஒருத்தரை வேலையை விட்டுத் தூக்கினாங்க. போனை எடுத்துட்டு வண்டி அனுப்ப மறந்துட்டார்னு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி இதே நாற்காலியில ஒருத்தர் வந்து உட்கார்ந்து, கத்துக்கறேன் கத்துக்கறேன்னு நோண்டிட்டுப் போனார். சூடு கண்ட பூனை அக்கா நான். நீங்க வந்த அன்னைக்கே என்ன கேட்டீங்க? பழைய அழைப்பை எல்லாம் எத்தனை மாசம் வெச்சிருப்பீங்கன்னு. புதுசா சேர்றவங்க அதையா கேட்பாங்க? கேன்டீன் எந்தப் பக்கம்னு கேட்பாங்க.

— நான் வீட்டுச் சாப்பாடு கொண்டு வர்றவ.

— பாருங்க, மறுபடியும் நழுவறீங்க.

— அது கிடக்கட்டும். ஒரு வரி தப்பா ஏறிடுச்சுன்னு வைங்க, அதை எடுத்துடணும்னா என்ன எழுதணும்?

— எதுக்கு?

— சும்மா கேட்டேன்.

— உங்களுக்கும் எனக்கும் பார்க்க மட்டும்தான் அனுமதி. அழிக்கிற அனுமதி தலைமை அலுவலகத்துல ரெண்டே பேருக்கு. அந்த வார்த்தையை நான் யாருக்கும் சொல்லித் தர்றதில்ல.

— சரி, கோவிச்சுக்காதீங்க. பாடத்தைச் சொல்லுங்க. எதுக்கு இத்தனை டேபிள்? அழைப்பு ஒண்ணு, வண்டிப் பயணம் ஒண்ணுன்னு பிரிச்சு வெச்சு, அப்புறம் சேர்க்கத் தெரியாம முழிக்கிறதுக்கு, எல்லாத்தையும் ஒண்ணுலயே போட்டுத் தொலைச்சா என்ன?

— போட்டாங்க, முன்னாடி. ஒரே டிரைவர் பேரை நாலு விதமா எழுதி வெச்சாங்க. மாசக் கடைசியில பார்த்தா இல்லாத டிரைவர் மூணு பேர் வண்டி ஓட்டியிருக்காங்க. அதனாலதான் ஒரு விஷயத்தை ஒரே இடத்துல மட்டும் எழுதுறது. மத்த இடத்துல அதோட எண்ணைச் சொன்னாப் போதும்.

— அது சரி. ஒரு விஷயத்தை நாலு இடத்துல நாலு விதமா சொன்னா மாட்டிக்கத்தான் வேணும்.

— அந்த எண்தான் கீ. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு எண், வேற எதுக்கும் அது வராது. அதே எண் பயண டேபிள்லயும் இருக்கும், எந்த வண்டி போச்சு, எப்பப் போய்ச் சேர்ந்துச்சுங்கிறதோட. ரெண்டையும் எப்படிச் சேர்ப்பீங்க?

— ஜாயின். இங்க இருக்கிற எண்ணும் அங்க இருக்கிற எண்ணும் ஒத்துப்போனா ஜோடி.

— எழுதுங்க.

— அதே தேதி போடலாமா?

— போடுங்க. அப்படி என்னதான் இருக்குன்னு நானும் பார்க்கிறேன்.

— செலக்ட், அழைப்பு எண், நேரம், கூப்பிட்ட நம்பர், சேர்ந்த நேரம். ஃப்ரம் அழைப்பு. ஜாயின் பயணம், ரெண்டு பக்கத்து அழைப்பு எண்ணும் சமம். வேர், அந்தத் தேதி, அந்த அரை மணி நேரம். மேற்கோள் போட்டுட்டேன்.

— நம்பருக்கு அப்புறம் கமாவை விட்டுட்டீங்க. ம், இப்ப அழுத்துங்க.

— வந்துடுச்சு. பத்தொன்பது வரி.

— நீங்க தேடினது இருக்கா?

— இல்ல.

— நல்லாப் பாருங்க.

— மூணு தடவை பார்த்துட்டேன், அந்த நம்பர் இல்ல. அப்படின்னா அது இல்லவே இல்லையா? எங்கயுமே இல்லையா?

— ஏன் அக்கா நாற்காலியைப் பின்னாடி தள்ளறீங்க?

— இல்லைன்னா இல்லைன்னு விட்டுடலாம். எழுந்திருக்கேன், டிபன் பாக்ஸைக் கழுவணும்.

— உட்காருங்க. அது இல்லாம போகாது. நீங்க எழுதினது, ரெண்டு பக்கமும் ஜோடி இருக்கிற வரியை மட்டும்தான் காட்டும். வண்டி கிளம்பாத அழைப்புக்குப் பயண டேபிள்ல ஜோடி ஏது? அதைச் சத்தமில்லாம விட்டுடும். ஒரே வார்த்தை சேர்த்தாப் போதும். ஜாயினுக்கு முன்னாடி லெஃப்ட்.

— இன்னைக்கு இது போதும், டீச்சரம்மா.

— இதுதான் முக்கியமான இடம். இது தெரியாமத்தான் பாதிப் பேர் அறிக்கையில ஆளைத் தொலைக்கிறாங்க. லெஃப்ட் ஜாயின்னா இடது பக்கத்து டேபிள்ல இருக்கிற அத்தனையும் வரும், ஜோடி இருந்தாலும் இல்லாட்டியும். நகருங்க, நானே போடறேன். இப்ப எத்தனை? இருபது. பதினொன்னு இருபதுக்கு ஒண்ணு, பாருங்க, உங்க நாலு இலக்கம்.

— அதுக்கு எதிர்ல நல்னு போட்டிருக்கே. நல்ல சேதியா?

— இல்லக்கா. நல்னா காலின்னு அர்த்தம். பூஜ்ஜியம்னுகூட எடுத்துக்கக் கூடாது. வண்டி போகல, அதனால போய்ச் சேர்ந்த நேரம்னு ஒண்ணு கிடையாது.

— ஒண்ணுமே இல்லாததுக்கு நல்ல பேராத்தான் வெச்சிருக்காங்க.

— யாரு அக்கா இது?

— எங்க வீட்டுக்காரர்.

— அக்கா.

— பேக்கரிக்கு ரொட்டி வாங்கப் போனவர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டார். கடைக்காரர்தான் இங்க போன் பண்ணார், அந்த நாலு இலக்கம் அவரோடது. வண்டி வரல. கொஞ்ச நேரம் உட்கார்ந்து தண்ணி குடிச்சுட்டு இவரே எழுந்து நடந்திருக்கார். வீட்டு மாடிப்படி பாதியில கிடந்தார். பையன்தான் முதல்ல பார்த்தான். ரொட்டிப் பையைக் கையில இருந்து எடுக்க முடியலைன்னான்.

— அதுக்காகத்தான் இங்க வேலைக்குச் சேர்ந்தீங்களா?

— பையன் புகார் எழுதி வெச்சிருக்கான். வக்கீலைப் பார்த்தாச்சு. திங்கக்கிழமை கொண்டு வந்து குடுக்கப் போறான். எந்த சீட்டுல இருந்தவங்க போனை எடுத்துட்டு அனுப்பாம விட்டாங்களோ, அவங்களைச் சும்மா விட மாட்டேங்கிறான். இங்க என்ன எழுதியிருக்குன்னு அவனுக்கு முன்னாடி நான் பார்த்துடணும்னுதான் வந்தேன்.

— முதல்லயே சொல்லியிருக்கலாம்.

— சொல்லியிருந்தா கத்துக் குடுத்திருப்பீங்களா?

— மாட்டேன்.

— பின்ன.

— எந்த சீட்டுன்னு பார்த்துடலாமா?

— வேண்டாம்மா. அது யாரா இருந்தா எனக்கென்ன.

— எனக்குப் பார்க்கணும். சீட்டுக் காலத்தையும் செலக்ட்ல சேர்க்கிறேன்.

— என்ன வந்துச்சு?

— ஏழு.

— ஏழுன்னா யாரு?

— எட்டு மாசத்துக்கு முன்னாடி என்னை இந்த அறைக்கு மாத்துற வரைக்கும், காலை ஷிஃப்டுல ஏழாம் சீட்டு நான்தான்.

— நீயா?

— மூணு நாளா நெனச்சுக்கிட்டே இருந்தேன், இவங்க என்னைத் தேடித்தான் வந்திருக்காங்கன்னு. ஒரு நாளைக்கு அம்பது போன் அக்கா. சத்தியமா ஞாபகம் இல்ல. நான் மறந்துட்டேனா? என்னாலயா அவர்?

— உன்னைத் தேடி நான் வரலம்மா. அழாதே.

— இருங்க. வண்டி அனுப்பலைன்னா காரணம் போடாம அழைப்பை மூடவே முடியாது. காரணம்னு ஒரு காலம் இருக்கும். இதோ, நாலுன்னு இருக்கு. நாலுன்னா என்னன்னு காரண டேபிள்ல பார்க்கணும். இன்னொரு ஜாயின்.

— எத்தனைதான் ஜாயின் போடுவ நீ? போதும் கண்ணு, அதை மூடிடு.

— 'வாகனம் வேண்டாம் எனத் தெரிவிக்கப்பட்டது.' அக்கா, பாருங்க. யாரோ திரும்பக் கூப்பிட்டு வேண்டாம்னு சொல்லியிருக்காங்க, பதினொன்னு இருபத்தி நாலுக்கு. கீழ குறிப்பும் இருக்கு, நான் எழுதினதுதான். 'நோயாளிக்கு வாயுத் தொல்லை என்கிறார். வழக்கமாக வருவதுதானாம். இரண்டு முறை கேட்டேன். வேண்டாம் என்றார்.'

— ரெண்டு முறைன்னா எழுதியிருக்கு?

— ஆமா. ரெண்டு முறை கேட்டிருக்கேன். நான் மறக்கல அக்கா. எனக்கு இப்பத்தான் மூச்சே வருது. உங்க பையன் வரட்டும், இதையே எடுத்துக் காட்டறேன்.

— அவன்கிட்ட காட்டாதே.

— ஏன்? வேண்டாம்னு கூப்பிட்ட நம்பரும் குறிப்புக்குப் பக்கத்துலயே பதிவாகியிருக்கு, பேக்கரிக்காரரோடது இல்ல, வேற நம்பர். யாரோ ஒருத்தர் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு உசிரைப் போக்கியிருக்காங்க. அவங்க யாருன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

— கெட்டது நெனச்சு சொல்லியிருக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடி மூணு தடவை வண்டி வந்து, வாயுன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போச்சு. தெருவே கூடி வேடிக்கை பார்த்துச்சு. அவருக்கு வெட்கமாப் போச்சு. 'எவனோ வண்டியைக் கூப்பிட்டுட்டான், எனக்கு ஒண்ணும் இல்ல, வர வேண்டாம்னு நீயாவது சொல்லிடு'ன்னு அவரே போன்ல கெஞ்சியிருப்பார்.

— கெஞ்சினார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்ப ஆளு தெரிஞ்சவங்கதான். யாரைக் காப்பாத்தப் பார்க்கறீங்க அக்கா? திங்கக்கிழமை என் வேலை போயிருக்கும், அந்த ஆள் நிம்மதியா வீட்டுல உட்கார்ந்திருப்பாங்க, இல்ல?

— உன் வேலை போகாது. போக விட மாட்டேன்.

— நீங்க சொல்ல வேண்டாம். நானே தேடிக்கறேன். அழைப்பு டேபிள் முழுக்கப் பார்த்துட்டேன், இந்த நம்பர்ல இருந்து வேற போனே வரல. டிரைவர்கள்ல இல்ல. ஆஸ்பத்திரிகள்ல இல்ல. வெறும் நம்பரை வெச்சுக்கிட்டு இனி வெளியில எங்க போய்த் தேடறது?

— வெளியில தேடாதே, கண்ணு. எழுது, நான் சொல்றேன். செலக்ட், பேரு. ஃப்ரம், பணியாளர். வேர், போன் நம்பர் அதேதான். ஒரே ஒரு வரி வரும், மூணு நாளைக்கு முன்னாடி வேலைக்குச் சேர்ந்தவளோடது.