ஏழாம் நம்பர் வீட்டுக் கோழி

— அந்த நுனியைச் சுவரோட அழுத்திப் பிடியுங்கோ அம்மா. விட்டால் டேப் சுருண்டு வந்து முகத்தில அடிக்கும்.

— புடிச்சிட்டேங்க ஐயா. கீழ வைக்கவா, மேல வைக்கவா?

— எங்க பிடிச்சாலும் ஒண்டுதான். கூட்டுக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையில எவ்வளவு எண்டுதான் எனக்கு வேணும். ம்... நாலு அடி மூண்டு அங்குலம்.

— சட்டத்துல எவ்வளவுங்க?

— பத்து அடி. குடியிருப்பு வலயத்தில கோழி வளர்க்கிறதெண்டால் கூடு வீட்டில இருந்து பத்தடி தள்ளி நிக்க வேணும். அயல்வீட்டில இருந்தும் பத்தடி. ஆறு கோழிக்கு மேல கூடாது. சேவல் அறவே கூடாது.

— என்கிட்ட பதினோரு பெட்டைங்க. ஒரு சாவலு.

— நான் இன்னும் எண்ணேல்லையே. நீங்களே சொல்லுறியள்?

— எண்ணிக்கங்க. ரெண்டு மட்டும் தண்ணி ஓடுற கானுக்கு அந்தப் பக்கம் மேயுது, கூப்பிட்டா வந்துரும். பொறவு கொறைச்சு எழுதிட்டோம்னு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க.

— கூட்டைப் பத்தடி தள்ளி வைக்க உங்களுக்கு இடம் இருக்கோ?

— எங்க ஒத்தை அறைக் காம்பராவே பத்துக்குப் பன்னெண்டுங்க ஐயா. இந்தச் சுவத்துலேருந்து பத்தடி தள்ளுனா பின் வரிசை லயத்து ஆளுங்க அடுப்புல போய் ஒக்காரும். நேரா சட்டியில போட்டுக்கலாம்.

— ஹா! அது சரிதான். இந்த ஒரு லயத்தில எத்தனை குடும்பம் இருக்கு?

— பன்னெண்டு காம்பரா. பதினாலு குடும்பம். ஐயா, இந்த ஸ்டூல்ல ஒக்காருங்க. பிளேன்டீ ஊத்தி வச்சிருக்கேன்.

— பிளேன்டீயோ? கோழி அளக்கப் போற இடமெல்லாம் எனக்கு நாயைத்தான் அவிட்டு விடுகினம். போன கிழமை கடைத்தெருவில ஒரு மனிசி முட்டையாலயே எறிஞ்சவ.

— மைமூனா அக்காவா இருக்கும். கடை வச்சிருக்கிற நிஸார் நானா சம்சாரம். முட்டையா எறிஞ்சாங்க? வெலைக்கு விக்கிற முட்டைய!

— கூழ் முட்டை. சேர்ட்டைத் தூக்கி எறிஞ்சிட்டன்.

— ஆனாலும் நோட்டீஸ் குடுத்திட்டீங்கல்ல.

— குடுக்கத்தானே வேணும். அதுதானே என்ர வேலை.

— பாத்தேங்க அந்த நோட்டீஸ. ரப்பர் பால் வெட்டு இல்லாத நாள்ல அவங்க வீட்டுக்குக் கூட்டிப் பெருக்கப் போவேன். அலமாரிக் கண்ணாடியில சொருகியிருந்திச்சு. ‘இலக்கம் நாப்பத்தாறு, பிரதான வீதியில் வசிக்கும் நிஸார்’னு போட்டு, கீழ பிரதேச சபை முத்திரை. நல்லா அழுத்திக் குத்தியிருந்திச்சு.

— அது நான் சிங்களத்திலதானே எழுதினன்?

— எனக்குச் சிங்களந்தாங்க வாசிக்க வரும். கிட்ட இருந்தது அந்த ஸ்கூல்தான். எட்டு வரைக்கும் போனேன். தமிழுன்னா எழுத்துக் கூட்டித்தான். எங்களுக்கும் அதே மாதிரிதானே எழுதுவீங்க?

— அருளு! யாரு புள்ள வந்திருக்கிறது? சபைச் சுகாதாரத்து பீஎச்ஐயா? ஐயா, அந்தோனியார் அறியச் சொல்றேன், நான் எழுதல!

— இவர் ஆர்?

— பக்கத்துக் காம்பரா ரெஜினோல்ட் அண்ணேங்க. ரப்பர் ஸ்டோர்ல ராவு வாச்சர். பகல்ல தூங்குவாரு.

— தூங்குவேனா? ஒன் சாவலு தூங்க விட்டுச்சா? ஐயா, நீங்களே கேளுங்க. விடிய விடிய ஷீட்டுக்குக் காவல் இருந்துட்டு வந்து படுக்கிறேன். இதோட சாவலு என் தலமாட்டு ஜன்னல்ல ஏறி நின்னு கூவுது. விடியிறப்பத்தானே கூவணும்? இது பத்துக்கும் கூவும், பன்னெண்டுக்கும் கூவும். தொரை வந்தாக் கூவும், போனாக் கூவும். கழுத்தத் திருகிருவேன்னு சொன்னது உண்மை. லயமே கேட்டிச்சு. அதுக்காகச் சபைக்குப் பெட்டிசம் எழுதிப் போடுற ஆளு நான் இல்ல.

— நான் உங்களை ஒண்டும் கேக்கேல்லையே.

— நீங்க கேக்கல, லயம் கேக்குது. கோழி அளக்க ஆளு வருதுன்னு ஆபீஸ்ல சொல்லியனுப்பின நேரத்துலேருந்து, பீலியில தண்ணி புடிக்கப் போனா ஒருத்தரும் மொகம் குடுக்க மாட்டேங்கிறாங்க. ‘முட்டை வித்து மகளப் படிக்க வைக்கிறா, அவ வயித்துல அடிச்சிட்டான்’னு என் காதுபடவே பேச்சு. நேத்து எனக்கு ஒரு சுண்டு சீனி கைமாத்துக் கெடைக்கல. யாரு போட்டதுன்னு சொல்லிட்டுப் போங்க ஐயா.

— அது சொல்லேலாது. கடிதத்தில பேரும் இல்லை. சிங்களத்தில, வடிவான கையெழுத்து. பதிவுத் தபாலில வந்தது. பதிவுத் தபாலெண்டால் நாங்கள் வந்து பாத்து பதில் எழுதித்தான் ஆக வேணும்.

— பாத்தியா அருளு! எனக்குச் சிங்களம் ஏசத்தான் வரும். எழுத எங்க வரும்?

— நான் ஒங்களச் சொன்னேனாண்ணே?

— சொல்லல. அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். நீ ஏசியிருந்தா நானும் நாலு ஏசிட்டுப் போய்ப் படுத்திருப்பேன். ரெண்டு நாளா வாயே தொறக்காம மொகத்தப் பாத்துட்டுப் போறியே, அதத்தான் தாங்க முடியல.

— சரி, சரி. நான் நோட்டீஸை எழுதுறன். பதினாலு நாளுக்குள்ள கோழியளை அகற்ற வேணும். கூட்டையும் பிரிக்க வேணும். முழுப் பேரைச் சொல்லுங்கோ.

— ஜோசப் அருள்செல்வி.

— ஐயா, பொறுங்க ஐயா. எழுதிராதீங்க. ஆறு வச்சுக்கட்டும், மிச்சத்த வித்துரட்டும். சாவல நானே வாங்கிக்கிறேன். சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, எனக்குத் தூக்கமும் ஆச்சு.

— நீங்க சும்மா இருங்கண்ணே. எழுதுங்க ஐயா.

— என்னா புள்ள எழுதுங்க? போன மாசம் கீரி ஒரு பெட்டைய இழுத்துட்டுப் போச்சுன்னு செத்த வீடு மாதிரி அழுதவ நீ. இப்ப பதினொண்ணையும் கொண்டு போங்கிறியே!

— அழுதேன். அது கீரி. எழுதுங்க ஐயா. ஜோசப் அருள்செல்வி, இலக்கம் ஏழு, மேல் லயம்.

— இலக்கம் ஏழு எண்டு கதவில கிடக்கிறதோ? நீலப் பெயின்டில? அது ஆர் போட்டது?

— நாந்தாங்க. ரப்பர் பிளாக்குல மரத்துக்கு நம்பர் அடிச்ச பெயின்ட்டு, டின்னு அடியில மிச்சம் இருந்திச்சு.

— மரத்துக்கு நம்பர் இருக்கோ?

— என் பிளாக்குல முன்னூறு மரங்க. ஒண்ணுலேருந்து முன்னூறு வரைக்கும் அடிச்சிருக்கு. எது பால் குடுக்குது, எது பட்டை காஞ்சு நிக்குதுன்னு ஆபீஸ்ல இருந்துகிட்டே சொல்லிருவாங்க. காம்பராவுக்குத்தான் நம்பர் இல்ல.

— சபை குடுத்த இலக்கம் இல்லாட்டில் படிவத்தில போடேலாது அம்மா. தோட்டத்தின்ர பேரை மட்டும் போடுறன்.

— வேணாங்க. தோட்டப் பேரப் போட்டா அது ஆபீசுக்குப் போயிரும்.

— போனால் என்ன? அங்க இருந்து உங்களிட்டத் தருவினம்தானே.

— குடுப்பாங்க. சரோனுக்குக் குடுத்த மாதிரி.

— சரோன் ஆர்?

— என் மகளுங்க. போன வருஷம் நர்ஸ் டிரெயினிங்குக்கு எழுதிப் போட்டிச்சு. இன்டர்வியூக்கு வரச் சொல்லிக் கடுதாசி வந்து, பத்தொம்பது நாள் ஆபீஸ்ல பேரு போடுற செக்ரோல் புத்தகத்துக்கு அடியில கெடந்திருக்கு. கிளாக்கர் ஐயா லீவாம். எங்க கையில கெடைச்சப்ப இன்டர்வியூ முடிஞ்சு நாலு நாள்.

— அன்னைக்கு அந்தப் புள்ள இந்த எடத்துலதாங்க ஒக்காந்திருந்திச்சு. அழல ஒண்ணும் இல்ல. கோழிக்கு அரிசி போட்டுக்கிட்டே இருந்திச்சு. ஒரு சுண்டு அரிசியும் தீந்துபோச்சு, அப்பவும் வெறுங்கையப் போட்டுக்கிட்டே இருந்திச்சு. நான் பாத்தேன்.

— சரியான அநியாயம். கடை விலாசம் ஒண்டைக் குடுத்திருக்கலாமே, அந்த நிஸாரின்ர?

— கேட்டோங்க. வசிக்கிற எடத்து வெலாசந்தான் போடணுமாம், கிராம சேவகர் கையெழுத்தோட. தபால்காரர்கிட்ட கேட்டேன். நம்பர் இல்லாத வீட்டுக்கு நான் வர மாட்டேன், சபையில நம்பர் வாங்குங்கன்னாரு. சபைக்குப் போனேன். தோட்டத்துக் காணி, தொரைகிட்ட கடுதாசி வாங்குங்கன்னாங்க. தொரைகிட்ட போனேன். இன்னைக்கு நம்பர் குடுத்தா நாளைக்குக் காணி உறுதிப் பத்திரம் கேப்பீங்கன்னாரு. ஒரு வருஷமா மூணு வாசல்லயும் மாறி மாறி நிக்கிறேன். ஐயாவுக்கு ஊரு யாழ்ப்பாணங்களா?

— ஓம். சாவகச்சேரிப் பக்கம்.

— ஒங்க வீட்டுக்கு நம்பர் இருக்குங்களா?

— எங்கட வீட்டுக்கும் நம்பர் இல்லை அம்மா. அப்பான்ர பேரைச் சொன்னால் தபால்காரன் கேற்றடியில வந்து மணி அடிப்பான்.

— அது ஒங்க அப்பா காணியில ஒங்க அப்பா கட்டுன வீடுங்க.

— ம்.

— சரோன் திரும்ப எழுதிப் போட்டிருக்கு ஐயா. இந்த மாசக் கடைசிக்குள்ள கடுதாசி வரணும். அடுத்த தடவைக்கு வயசு தாண்டிரும். இதுதான் கடைசி.

— விளங்குது. ஆனால் அதுக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்?

— சபை முத்திரையோட ‘இலக்கம் ஏழில் வசிக்கும் அருள்செல்வி’ன்னு ஒரே ஒரு காயிதம் என் கையில இருந்தாப் போதுங்க. தபால்காரர்கிட்ட நேராக் கொண்டுபோய் நீட்டுவேன். சபையே எழுதியிருக்கு, என் வாசலுக்குக் கொண்டா. நோட்டீசா இருந்தா என்ன, தண்டமா இருந்தா என்ன? நிஸார் நானாவுக்கு எழுதுன மாதிரி எழுதிக் குடுங்க. பதினாலு நாள் வேணாம். பதினொண்ணையும் இன்னைக்கே அறுத்துர்றேன்.

— அடி அருளு! அதுக்கா வாயத் தொறக்காம இருந்த?

— ஐயா, எழுதுங்க ஐயா.

— பொறுங்கோ, பொறுங்கோ. என்ர மனசுக்கும் கஷ்டமாத்தான் கிடக்கு. வரைபடத்தில இந்த இடத்துக்கு ஏதும் இலக்கம் போட்டிருந்தால் அதையே எழுதிவிடுவன். இந்தக் கோப்பைக் கொஞ்சம் பிடியுங்கோ அண்ணை... இது கடைத்தெரு. இது பன்சலை வீதி. இது பாலம்.

— பாலத்துக்கு இந்தப் பக்கந்தாங்க நாங்க.

— அதுதான் பாக்கிறன். குடியிருப்பு வலயம் இந்தப் பச்சைக் கோட்டுக்குள்ளதான். கோடு பாலத்தோட நிண்டுட்டுது. இஞ்சால முழுக்க மண்ணிறம்.

— மண்ணு நெறம்னா என்னாங்க?

— பயிர்ச்செய்கை நிலம்.

— லயமுமா?

— லயமுந்தான்.

— அப்ப பன்னெண்டு காம்பராவும் ரப்பர் மரமாங்க?

— நம்பர் இல்லாத மரம்னு சொல்லு புள்ள.

— பகிடி விடாதேங்கோ அண்ணை. அம்மா, நான் கந்தோரில இதைப் பாத்திட்டு வந்திருக்க வேணும். என்ர பிழைதான். ஆனால் உங்களுக்கு இது நல்ல செய்தி. குடியிருப்பு வலயத்துக்கு வெளியில இந்தச் சட்டம் செல்லாது. பத்தடியும் இல்லை, ஆறு கோழியும் இல்லை. நீங்கள் நூறு கோழியும் வளர்க்கலாம், பத்துச் சேவலும் வளர்க்கலாம். ஒருத்தரும் கேக்கேலாது.

— நோட்டீசு?

— நோட்டீஸ் குடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

— தெரியாம எழுதிட்டேன்னு இருக்கட்டுங்க ஐயா. அரைவாசி எழுதிட்டீங்களே. பேரு எழுதிட்டீங்க. முத்திரை மட்டும்...

— தெரிஞ்ச பிறகு எழுதினால் என்ர வேலை போகும். இந்தத் தாளைக் கிழிக்கிறன். பாருங்கோ, கிழிச்சாச்சு. கோப்பில ஒரு வரி எழுதி மூடிவிட்டால் சரி: ‘மேற்படி இடத்தில் குடியிருப்பு எதுவும் இல்லை. முறைப்பாடு நிராகரிக்கப்படுகிறது.’

— அந்த வரிய எழுதாதீங்க.

— எழுதாமல் விடேலாது. பதிவுத் தபால் எண்டு சொன்னன்தானே, பதில் கோப்பில இருக்க வேணும். முறைப்பாடு வந்திராட்டில் இந்தக் கதையே எழும்பியிராது. ஒருத்தரும் இந்த லயத்தைப் பற்றி ஒண்டும் எழுதியிருக்க மாட்டினம். இப்ப வந்திட்டுது, என்ன செய்யிறது?

— அது சபைப் புத்தகத்துல ஏறிருங்களா?

— ஓம். கையெழுத்தோட ஏறும். ஏன் பயப்பிடுறியள்? அது உங்கட கோழியளுக்குப் பாதுகாப்பு. இனி ஆர் முறைப்பாடு செய்தாலும் அந்த வரியைக் காட்டி அனுப்பிவிடுவினம்.

— நான் நம்பர் கேட்டுப் போனா?

— எப்ப?

— நாளைக்கு. திரும்ப சபைக்கு நம்பர் கேட்டுப் போனா, அதே வரியக் காட்டித்தானே அனுப்புவாங்க?

— அது... ஓம் அம்மா. அதைத்தான் காட்டுவினம். நான் வாறன். தேத்தண்ணிக்குப் பெரிய உபகாரம்.

— போங்க ஐயா, கான் பலகை வழுக்கும், பாத்துக் கால வைங்க. அருளு, ஏன் புள்ள மரம் மாதிரி நிக்கிற? கோழி பொழைச்சிருச்சுல்ல! என் தூக்கந்தான் போச்சு, சரி, போகட்டும், கூவட்டும். லயத்துக்கும் தெரிஞ்சிரும் நான் நல்லவன்னு. எந்த நாயி அந்தப் பெட்டிசத்தப் போட்டுச்சோ, அதோட வாயில மண்ணு விழட்டும். நீயும் சொல்லு. வாய் விட்டுச் சொல்லு, மனசு ஆறும்.

— விழுந்திருச்சுண்ணே. அத எழுதிப் போட்டவ நான்தான்.