சென்றிக்கெண்டு வைத்த சாஜ்

“ஹலோ! … ஓம், நான்தான். … ஓம் ஓம், கேக்குது. … நல்லாக் கேக்குது, ஏன் கத்துறீங்கள்? … நான் கத்தேல்லை. இதுதான் என்ர குரல். … இன்னும் சாப்பிடேல்லை. … பசிக்கேல்லையப்பா! முதல்ல இதைச் சொல்லுங்கோ. இந்த லப்டொப்புக்குப் புதுப் பற்றறி போடுறதோ, இல்லையோ?”

டோஹாவிலிருந்து ஆசை ஆசையாய் அழைத்த ஞானசேகரம் இப்படியொரு வரவேற்பை எதிர்பார்த்திருக்க மாட்டான். ஆனால் அவன் மனைவி இராசமலர் வீட்டுக்குள் வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மடிக்கணினிப் பை தோளில் தொங்கியபடியே இருக்க, மணி அடித்ததும் பாய்ந்து எடுத்துவிட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்த கோபம் வேறு யார் தலையில் விடியும்? கட்டியவன் தலையில்தான்.

“என்னது? … ஓம், பழசுதான். பழசுக்குப் புதுசு போடுறது வீண்தான். போன மாசமும் இதைத்தான் சொன்னீங்கள். … கறண்டில செருகிப் பாவிக்கிறதோ? அதுக்கு முந்தின மாசமும் இதே கதைதான்! … இல்லை, நீங்கள் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. சந்தியில பிளக் எங்க இருக்கு? சென்றியில கிடக்கிற மண்மூட்டைக்குள்ள செருகுறதோ?”

இராசமலர் கட்டடப் படம் கீறுகிறவள். சண்டையில் சம்பூரை விட்டு வந்து ஒரு வருடமாய் முகாம்களில் கிடக்கிற சனத்துக்குத் தகரக் கொட்டில் போட்டுக் கொடுக்கும் நிறுவனமொன்றில் வேலை. துறைமுகத்துக்குக் கிட்ட அலுவலகம். அங்கே கீறியதை முகாமுக்குக் கொண்டுபோய், மேசன்மாருக்குக் காட்டி, அங்கேயே திருத்த வேண்டும். அலுவலகத்தில் மின்சாரம் உண்டு, முகாமில் ஜெனரேற்றர் உண்டு. இரண்டுக்கும் நடுவில் மூன்று இராணுவச் சென்றிகள், சோதனைச் சாவடிகள்தான் உண்டு. ஒவ்வொன்றிலும் மடிக்கணினியைத் திறந்து, திரையில் வெளிச்சம் வருகிறதென்று காட்டினால்தான் விடுவார்கள். வெளிச்சம் வந்தால் அது கணினி. வராவிட்டால் அது என்னவாகவும் இருக்கலாம்.

“… அதைத்தானே சொல்லுறன்! பற்றறி எனக்கு வேலைக்கு இல்லை, சென்றிக்கு. இருக்கிற கொஞ்சச் சாஜையும் பொத்திப் பொத்தி வைக்கிறன். பஸ்ஸில திறக்கிறேல்லை. வெளிச்சம் வந்த உடன அமத்திப்போட்டு அடுத்த சென்றிக்கு மிச்சம் பிடிக்கிறன். அரிசி மிச்சம் பிடிக்கிற மாதிரி! … சிரிக்காதீங்கோ. … சிரிச்சனீங்கள். எனக்குக் கேட்டது.”

அவள் பையைக் கழற்றிக் கதிரையில் போட்டாள். போட்ட வேகத்தில் கதிரை ஆடியது.

“இண்டைக்கு மூண்டாவது சென்றியில செத்துப்போச்சு. … பற்றறிதான், வேறென்ன? ஒருக்கா மினுங்கினது, பிறகு கறுப்பு. … பிறகென்ன, பஸ்ஸில இருந்த முழுச் சனத்தையும் இறக்கினாங்கள். லப்டொப்பைக் கொண்டுபோய் நடு றோட்டில வைக்கச் சொன்னாங்கள். … என்னைத்தான்! அவன் தொடுவானோ? அவன் துவக்கைப் பிடிச்சுக்கொண்டு தூர நிக்கிறான். … ஓம், வெயிலுக்குள்ளதான். ஒரு மனிசி எனக்குக் கேக்கத்தக்கதாப் பேசினா, இவளுக்கெல்லாம் என்னத்துக்கு இந்தக் கொம்பியூட்டர்ப் பெட்டி எண்டு. பஸ் என்னை விட்டிட்டுப் போட்டுது. … மெல்லக் கதைக்கிறதோ? நான் ஏன் மெல்லக் கதைக்க வேணும்?”

குசினிக்குள்ளிருந்து என்ன பிள்ளை என்று குரல் வந்தது. நல்லம்மா, ஞானசேகரத்தின் தாய். இராசமலரின் குரல் அந்தக் கணமே சர்க்கரையாயிற்று.

“ஒண்டுமில்லை மாமி! பஸ் கொஞ்சம் பிந்திப்போச்சு, அதைத்தான் சொல்லுறன்!”

நல்லம்மாவுக்கு எதையும் சொல்வதில்லை என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். பக்கத்து வீட்டு இராசதுரையை இராணுவம் சுற்றிவளைப்பில் கொண்டுபோய், அவன் திரும்பி வராத அந்த மாதமே ஞானசேகரத்தை வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்டவள் இராசமலர்தான். போகமாட்டேன் என்று நின்றவனோடு பேசாமல், முகம் கொடுக்காமல் இருந்து துரத்தி அனுப்பினாள். உழைக்கப் போனான் என்றுதான் தாய்க்குத் தெரியும்.

“… பார்சல்லயோ? பற்றறியைத் தனியவோ? உங்களுக்கு விசரே! லப்டொப்புக்குள்ள இருந்தாத்தான் அது பற்றறி. தனிய வந்தா இஞ்ச அதுக்கு வேற பேர். … ஆரிட்டக் குடுத்து விடப்போறீங்கள்? அந்த மனிசனைப் பிடிச்சுக்கொண்டு போனா அவற்ற பெண்சாதிக்கு நான் என்ன பதில் சொல்லுறது? … என்ன? … என்ன சுத்தி? … கறுப்பு ரேப்போ! ஐயோ கடவுளே! ஈரம் படாமல் கறுப்பு ரேப் சுத்தி அனுப்பப்போறாராம்! வயரும் ரெண்டு வெளியால விட்டு அனுப்புங்கோவன், குறையேன் வைப்பான்? … நீங்கள் போகேக்க இருந்த ஊர் இல்லையப்பா இது.”

அந்தப் பக்கம் ஏதோ நீளமாய்ச் சமாதானம் சொன்னது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பாதியில் முகம் சிவந்தது.

“வேலையை விடுறதோ? ஆர், நானோ? … விடமாட்டன். … விடமாட்டன் எண்டா விடமாட்டன்! மாரி மழை வருது, சனம் படங்குச் சீலைக்குக் கீழ கிடக்குது. பற்றறி பழுதெண்டு நான் வீட்டில குந்தியிருக்கிறதோ? இதுதான் உங்கட மனசுக்குள்ள கனநாளாக் கிடந்தது, இல்லையோ? பற்றறி வீண், லப்டொப் வீண், பிறகு நான் போறதும் வீண்! … சரி, சரி. சொல்லேல்லை. … எப்பிடி விட்டாங்களோ? றஊப் நானாவின்ர தேத்தண்ணிக் கடை சென்றிக்கு முன்னால இருக்கெல்லே. அவர்தான் கடைக்குள்ள இருந்து வயர் இழுத்துத் தந்தவர். செருகினன், வந்தது. … ஓம், வந்தது. விட்டிட்டாங்கள். … ஒண்டுமில்லை. அவ்வளவுதான்.”

அவ்வளவுதான் என்று சொன்ன குரல் அவ்வளவு நன்றாக இல்லை. அவன் கவனித்தானோ என்னவோ, வேறொன்றைச் சொன்னான். இராசமலர் நிமிர்ந்தாள்.

“ஆர் கொண்டு வாறது? … நீங்களோ? … விளையாடாதீங்கோ. … லீவு கேட்டிட்டீங்களோ? எப்ப கேட்டனீங்கள்? … வேண்டாம். … எனக்கொண்டும் கொண்டுவர வேண்டாம். … வேண்டாம் எண்டு சொல்லுறனெல்லே! வரவேண்டாம்!”

அந்தச் சத்தத்துக்கு நல்லம்மா அகப்பையோடு வெளியே வந்துவிட்டாள். அடுப்பைப் பாருங்கோ மாமி, கறி அடிப்பிடிக்குது என்று அவளைத் திருப்பி அனுப்பிவிட்டு, இராசமலர் தொலைபேசி வயரை இழுத்துக்கொண்டு அலுமாரி மூலைக்குப் போனாள். சொல்லக்கூடாது என்று வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தது. இனிச் சொல்லாமல் முடியாது.

“கேளுங்கோ. குறுக்க கதையாதீங்கோ. … லப்டொப்பில உங்கட படம். கோணேசர் கோயிலடியில எடுத்தது, நீங்கள்தானே போட்டுத் தந்தீங்கள். மற்ற நாளையில வெளிச்சம் வந்த உடன போ எண்டிடுவாங்கள். இண்டைக்குக் கடைசி மட்டும் பாத்துக்கொண்டு நிண்டாங்கள். ஸ்கிறீன் முழுக்க உங்கட முகம். ‘மே கவுத’ எண்டான் அவங்களில பெரியவன், சிங்களத்தில இது ஆர் எண்டு. … புருசன் எண்டன். வேறென்ன சொல்லுறது? எங்க எண்டான். எப்ப வருவான் எண்டான். சிரிச்சுச் சிரிச்சுத்தான் கேட்டான். பக்கத்தில நிண்டவன் தன்ர போனால ஸ்கிறீனைப் படம் எடுத்தவன். … ஓம். உங்கட முகத்தைத்தான்.”

அவள் குசினி வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

“… என்னை விட்டிட்டுப் போட்டார் எண்டு சொன்னன். ஆரோடையோ போட்டார், எங்கயெண்டு தெரியாது, இனி வரமாட்டார் எண்டன். … இல்லை, அழேல்லை. … ஓம், அழுதனான். அழுதபடியாத்தான் பெரியவன் நம்பினவன். பாவம் அக்கா, போங்கோ எண்டான். … இப்ப விளங்குதோ? நாளைக்கு நீங்கள் புதுப் பற்றறியோட வந்து அந்தச் சந்தியில இறங்கினா, நான் என்ன சொல்லுறது? … உங்கட படத்தை அங்கயே மாத்திப்போட்டன். இப்ப ஒரு பூ கிடக்குது. … எனக்குப் பழசு காணும். றஊப் நானா நாளைக்கும் வயரை வெளியால விடுறன் எண்டவர். நான் செருகிக் காட்டுவன். … கோபமில்லை. … கோபம்தான்! உங்களில இல்லாமல் ஆரில கோபப்படுறது? … இஞ்சருங்கோ, வரமாட்டன் எண்டு சொல்லுங்கோ. … ஒருக்காச் சொல்லுங்கோ. … ஹலோ? … ஹலோ!”

இணைப்பு அறுந்துவிட்டது. சொன்னானா, சொல்லவில்லையா என்று தெரியவில்லை. இராசமலர் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

குசினி வாசலில் நல்லம்மா முகமெல்லாம் சிரிப்பாய் நின்றாள். லீவு என்ற சொல் மட்டும் அவள் காதில் விழுந்திருந்தது. தம்பி எப்ப வாறானாம் என்று கேட்டாள்.

அதே கேள்வி, அதே சிரிப்பு. காலையில் சென்றியில் சொன்ன பதிலையே இராசமலர் சொன்னாள்.

“அவர் வரமாட்டார் மாமி.”