சோதித்துக் கொடுத்த கண்ணாடி

தேநீர் போதும் ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், ஆனாலும் பரவாயில்லை. ஸ்டேஷனுக்குள் வந்ததுமே சூடாக ஏதாவது கொடுக்கச் சொன்னீர்கள். நல்ல மனசு உங்களுக்கு.

நானும் தங்கையும் கண்ணாடி வேலை செய்கிறவர்கள். வண்ணக் கண்ணாடியைத் துண்டு துண்டாக வெட்டி, படம்போல அடுக்கி, மின்சூளைக்குள் வைத்தால் எல்லாம் உருகி ஒரே பலகையாகிவிடும். அடுக்குவது அவள், சூட்டைப் பார்ப்பது நான். அவள் நிறம் சேர்க்கும் அழகுக்காகத்தான் ஆட்கள் தேடி வந்தார்கள். அதை மறைக்க மாட்டேன்.

எல்லாக் கண்ணாடியும் ஒன்றோடொன்று சேராது. ஆறும்போது ஒன்று அதிகம் சுருங்கும், இன்னொன்று குறைவாகச் சுருங்கும். இரண்டையும் சேர்த்து உருக்கினால் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். உள்ளே மட்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே கிடக்கும். ஒருநாள் தானாக உடையும். எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் இரண்டு வகையையும் தனித்தனி அலமாரியில் வைத்திருந்தோம். "அண்ணன் அந்த அலமாரியைத் திறக்கறதைப் பாத்தா, உள்ள பாம்பு இருக்குன்னு நினைப்பாங்க," என்று தங்கை கிண்டல் செய்வாள்.

நான் பயந்த சுபாவம் ஐயா. அவள் கடைக்குப் போய்த் திரும்பத் தாமதமானாலே தெருமுனைக்குப் போய் நிற்பேன். அப்பா அம்மா போனபிறகு, அவள் வீட்டுக்குள் நடமாடும் சத்தம் கேட்டால்தான் சோறு இறங்கும். அப்படிப்பட்டவள் கல்யாணமாகி ஊரின் மறுகோடிக்குக் குடிபோனாள். அங்கேயே தனியாகப் பட்டறை போடப்போவதாகவும் சொன்னாள். சிரித்துக்கொண்டே "நல்லதும்மா" என்றேன்.

புதுவீட்டுக்கு ஒரு பரிசு செய்தேன். படுக்கையறையில் கட்டிலுக்கு மேலே தொங்கவிட அகலமான கண்ணாடிப் பலகை, அதற்கு மேலே விளக்கு. நீலத்துண்டுகளை மட்டும் மற்றதோடு சேராத வகை இருக்கும் அந்த இன்னொரு அலமாரியிலிருந்து எடுத்தேன். விளக்கைப் போட்டால் பலகை சூடேறும், அணைத்தால் ஆறும். தினமும் அப்படி.

"சோதிச்சுப் பாத்தியாண்ணே?" என்று கேட்டாள். சாம்பல் நிற ஃபிலிம் இரண்டுக்கு நடுவே கண்ணாடியை வைத்து வெளிச்சத்தில் பார்ப்போம். உள்ளே இழுப்பு இருக்கிற இடம் வெள்ளையாகத் தெரியும்.

"உனக்குச் சோதிக்காமக் குடுப்பேனா?" என்றேன்.

அது பொய் இல்லை. சோதித்தேன். ஒவ்வொரு நீலத்தைச் சுற்றியும் வெள்ளை படர்ந்திருந்தது. நான் பொய் பேசுகிறவன் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு நான் பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். ஃபோன் அடித்தாலே அவள் வீட்டிலிருந்துதானோ என்று ஓடுவேன். ஒருமுறை அவள் வீட்டுக்கே போனேன், கழற்றிவிடலாம் என்றுதான். அவள் கட்டிலில் மல்லாந்து படுத்து எனக்குக் காட்டினாள்.

"மத்தியானம் இதைப் பாத்துக்கிட்டேதான் கண்ணை மூடுவேன். நீ பக்கத்துல இருக்கற மாதிரியே இருக்குண்ணே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "பட்டறை என்னாச்சும்மா?" என்றேன்.

"அடுத்த மாசம் சூளை வருது."

பலகையைக் கழற்றாமல் விட்டுவிட்டேன். உட்கார்ந்திருந்த நாற்காலியை மட்டும் கொஞ்சம் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டேன்.

கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள். பயந்துபோய் வீட்டுக்குத் திரும்பி வருவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது உடைந்தபோது அவள் கண்ணை மூடியிருக்கவில்லை.

ஆமாம் ஐயா, தெரிந்தே செய்தேன். இனிப் பார்வை வராது என்று டாக்டர் சொன்னதும் மாப்பிள்ளை வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். அவள் என் கையைத் தடவிப் பிடித்தாள். "உன்மேல தப்பில்லைண்ணே. நான்தான் விளக்கை ரொம்ப நேரம் எரியவிட்டுட்டேன்," என்றாள். பிடித்த கையை விடவே இல்லை.

சீக்கிரம் எழுதி முடித்து என்னை அனுப்புங்கள். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் பயந்துவிடுவாள்.