மயக்கம் போடுற பீரியடு

மெதுவாப் போடுங்க தம்பி பிளேடை. தலையிலதான் ஒண்ணும் இல்ல, நெஞ்சுலயாவது நாலு முடி இருக்கட்டும்னு ஆண்டவன் குடுத்தது. ஆபரேஷன்னு சொல்லி அதையும் வழிக்கிறீங்க. சரி, வழிங்க.

என்ன? பேசினா நெஞ்சு ஆடுது, பிளேடு பட்டுரும்ங்கிறீங்களா? பட்டா படட்டும். பேசாம இருன்னு மட்டும் சொல்லாதீங்க.

வேலையா? வாத்தியாருதான். சின்னப் பள்ளிக்கூடம், மூணாங்கிளாஸ். கை கழுவுறது, பல்லு வெளக்குறது, அடிபட்டா கட்டுப் போடுறது, இதான் நம்ம பாடம். புத்தகத்த வச்சு நடத்தினா புள்ளைங்களுக்கு முன்னாடி நானே தூங்கிருவேன். அதனால எல்லாத்தையும் செஞ்சே காட்டுறது. கிருமி எப்படிப் பரவுதுன்னு காட்ட, ஒருநாள் கையில செவப்புப் பொடியப் பூசிக்கிட்டு எல்லாருக்கும் கை குடுத்தேன். மறந்து போய் ஹெட்மாஸ்டரம்மாவுக்கும் குடுத்துட்டேன். அவங்க கன்னத்துல கை வச்சு யோசிக்கிற ஆளு. சாயங்காலம் பாத்தா அஞ்சு விரலும் கன்னத்துல பதிஞ்சிருக்கு. யாரு அறைஞ்சதுன்னு ஸ்டாஃப் ரூமே என்னையப் பாக்குது!

அத விடுங்க. நமக்குப் பேர் வாங்கிக் குடுத்தது முதலுதவி. ஒருத்தரு மயங்கி விழுந்தா தோளத் தட்டிக் கூப்பிடணும், மூச்சு வருதான்னு பாக்கணும், ஓடிப் போய்ப் பெரியவங்களக் கூட்டிட்டு வரணும். விழ ஒரு ஆளு வேணுமே? அய்யாதான். சும்மா விழுவேனா? ஐயோ புள்ளைங்களா, கண்ணு இருட்டுதே, பீரோ சாவி டப்பாவுக்குள்ள இருக்குன்னு எங்க வீட்டம்மாகிட்ட சொல்லிருங்கன்னு வசனம் பேசிக்கிட்டே, பேன்ட்டு அழுக்காகாத எடமாப் பாத்து விழுவேன். விழுந்த பெறகும் வாய் ஓயாது. டேய், தோளத் தட்டச் சொன்னா கிச்சுக்கிச்சு மூட்டுறியான்னு மயக்கத்துலயே திட்டுவேன். நீங்க செத்தாலும் ஒங்க வாயத் தனியா அடிச்சுத்தான் கொல்லணும்னு வீட்டம்மா சொல்லுவா. பொய்யில்ல.

நேத்து விழுந்ததுதான் நெசம். போர்டுல எழுதிக்கிட்டு இருந்தேன், எடது கை கனத்துச்சு, அவ்வளவுதான் தெரியும். மிச்சமெல்லாம் பக்கத்துக் கிளாஸ் டீச்சர் இங்க வந்து சொன்னது. கிளாஸே கை தட்டுச்சாம். சார் இன்னைக்கு சூப்பரா நடிக்கிறாருன்னு ஒரே விசிலு. ஒருத்தன் என் கால்ல கட்டே போட்டுட்டான். ஆஸ்பத்திரி வந்து சேர்ற வரைக்கும் அவுழல தம்பி அந்தக் கட்டு! நெஞ்ச விட்டுட்டு டாக்டரு மொதல்ல காலப் பாத்திருக்காரு. நான் சொல்லிக் குடுத்த கட்டாச்சே, கேட்டப்போ கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு.

கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு. ஊமைக்கோட்டான்னுதான் எல்லாரும் கூப்புடுவாங்க. என்கிட்ட அவ பேசினதே உள்ளேன் சார், அவ்வளவுதான். அவ எந்திரிச்சு ஓடி அந்த டீச்சர் கையப் புடிச்சு இழுத்திருக்கா. அவங்க சிரிச்சிருக்காங்க. ஒங்க சாருக்கு வேற வேலையில்ல, போயி ஒக்காருன்னு. இவ கைய விடல. இல்ல டீச்சர், சார் பேசாம விழுந்துட்டாருன்னு அழுதிருக்கா.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவங்க ஓடி வந்தாங்க. இத்தன வருசம் நான் நடத்தின பாடத்துல எது ஒறைச்சிருக்கு பாருங்க, வாத்தியார் ஓட்டவாயிங்கிறது.

முடிஞ்சுதா? அந்தப் பக்கம் கொஞ்சம் இருக்கு. ஏன் தம்பி, உள்ள மயக்க ஊசி போடுவாங்கள்ல, போட்டவொடனே பேச்சு நின்னுருமா?

இல்ல, சும்மாதான் கேட்டேன். அந்தப் புள்ள சொன்னதக் கேட்டதுலேருந்து வாய மூடவே பயமா இருக்கு. நர்ஸம்மாகிட்ட பேசியாச்சு, பக்கத்து பெட்டுக்காரரு பெட்டையே மாத்திட்டுப் போயிட்டாரு. நீங்க வண்டியத் தள்ளுங்க. அந்தக் கதவு வரைக்கும் என்னைய ஏதாச்சும் கேட்டுக்கிட்டே வாங்க தம்பி.